எழுத்தும் பொறியும்: யாழ்ப்பாணத்திற் கட்டற்ற மென்பொருள்

மென்பொருள் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இரு எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றது. ஒன்று, தொழினுட்பம் கற்றோர் தமக்குள் நிகழ்த்தும் நுணுக்க விவாதம். மற்றையது, எந்தக் கணினியை என்ன விலைக்கு வாங்கலாம் என்ற சந்தைப் பேச்சு. ஒரு சமூகம் தன் எழுத்தையும் கணக்கையும் நினைவையும் எக்கருவியிடம் ஒப்படைக்கின்றது, அக்கருவி யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்ற வினா இவ்விரண்டுக்கும் இடையில் நழுவிப்போகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாதாரணக் கணினிப் பயனரை மனத்திற்கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். சாதாரணப் பயனர் என்று நாம் குறிப்பது பாடசாலை ஆசிரியரை, அச்சகத்திற் பக்கம் கோப்பவரை, சனசமூக நிலையத்தின் செயலாளரை, ரியூற்றரியிற் கணினி வகுப்புக்குச் செல்லும் மாணவியை. நிரல் எழுதுவோர் இவர்களிற் சேரார்.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் அங்கு நெடுங்காலமாக ஒரு குழப்பம் நிலவுகின்றது. தமிழுக்கு அக்குழப்பம் இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. எந்நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, உள்ளமைப்பைக் கற்று மாற்றும் உரிமை, பிரதிசெய்து பிறருக்கு வழங்கும் உரிமை, தாம் திருத்திய வடிவத்தையும் வழங்கும் உரிமை ஆகிய நான்கையும் பயனருக்கு அளிக்கும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். இவ்வுரிமைகள் நடைமுறையில் அமையவேண்டுமாயின் நிரலின் மூலவடிவம், அதாவது மனிதர் எழுதிய, மனிதர் வாசிக்கக்கூடிய வடிவம், திறந்திருத்தல் வேண்டும். அப்பண்பை முதன்மைப்படுத்தித் 'திறந்த மூல மென்பொருள்' என்று அழைக்கும் வழக்கு 1998ஆம் ஆண்டில் தோன்றியது. இரு வழக்குகளுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. நமது ஆய்வுப் பொருளுக்கு அது முக்கியமன்று.

மூலவடிவத்தின் முக்கியத்துவத்தை விளக்க நம்மூரிலேயே ஓர் ஒப்புமை உளது. பரியாரியார் சூரணத்தைக் கொடுப்பார். அதன் பாகமுறை எழுதப்பட்ட ஏட்டைக் காட்டமாட்டார். நோய் தீரும்வரை எவரும் அதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர் மறைந்து, ஏடும் செல்லரித்துப்போன பின்னரே ஊர் எதை இழந்ததென்பது புலனாகும். தனியுரிமை மென்பொருளின் நிலையும் இதுவே. இயங்கும் வடிவம் நம் கையில் இருக்கும். பாகமுறை நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். நிறுவனம் அதனைக் கைவிடும் நாளில் நம் கையில் இருப்பது சூரணத்தின் கடைசிப் பொட்டலம்.

இவ்வியக்கத்தின் தோற்றமும் ஒரு பழுதுபார்க்கும் விவகாரத்திலேயே கால்கொண்டது என்பது சுவையானது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்ரோல்மன், தமது ஆய்வுகூடத்துக்கு வந்த ஓர் அச்சுப்பொறி அடிக்கடி தாளைச் சிக்கவைத்ததைக் கண்டார். தாள் சிக்கியதும் பயனருக்குச் செய்தி அனுப்புமாறு அதன் நிரலைத் திருத்த விரும்பினார், மூலவடிவம் மறுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அவர் அறிவித்த 'குனூ' திட்டமும், 1989இல் வெளியான பொது உரிம ஒப்பந்தமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் ஒன்றிணைந்தே இன்று நாம் காணும் கட்டற்ற இயங்குதளம் உருவாயிற்று.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளைப் பரப்ப முனைவோர் வழமையாக முதலில் எடுத்துவைக்கும் வாதம் விலை பற்றியது. மேலைநாட்டுப் பயனரிடம் அது செல்லுபடியாகும். நம்மவரிடம் அது எடுபடுவதில்லை. காரணம் வெளிப்படை: இங்கு விண்டோஸையோ அலுவலக மென்பொருளையோ விலைகொடுத்து வாங்கியவர் எத்தனைபேர்? 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து ஏ-9 பாதை திறந்து கணினிகள் பெருமளவில் வரத்தொடங்கியபோது, மென்பொருள் என்பது கணினி பொருத்துபவர் 'போட்டுத்தரும்' ஒன்றாகவே அறிமுகமாயிற்று. உரிமம் என்ற கருத்தே பயனரின் அனுபவத்தில் இடம்பெறவில்லை. ஏற்கனவே விலையின்றிக் கிடைப்பதற்கு மாற்றாக விலையில்லாத இன்னொன்றை ஒருவர் ஏன் தேடவேண்டும்?

ஆயினும் விலைவாதத்தை முற்றாகப் புறந்தள்ளவும் இயலாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களாகக் கொள்கின்றது. வீட்டுப் பயனரை அச்சட்டம் தேடிவருவது அரிது. பதிவுபெற்ற நிறுவனமொன்றின் நிலை வேறு. மேலும், உரிமங்களின் விலை டொலரிலேயே குறிக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. உரிமத்துக்கு ஒழுங்காகப் பணம் செலுத்திவந்த சிறு நிறுவனமொன்றுக்கு ஒருசில வாரங்களில் அச்செலவு முக்கால் மடங்குக்கு மேல் கூடியது. சட்டத்தை மதிப்பவரே தண்டிக்கப்படும் விசித்திரம் இது.

விலையைக் காட்டிலும் ஆழமான ஒரு வாதம் குடாநாட்டு மக்களின் அனுபவத்திலேயே பொதிந்துகிடக்கின்றது என்பது நமது கருத்து. 1990ஆம் ஆண்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மின்கலம் முதலிய பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டபின், ஏறக்குறைய ஐந்தாண்டுகள் குடாநாடு இருளில் வாழ்ந்தது. அக்காலத்திற் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு விளக்கெரித்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். இவற்றைப் புராணமாக்க வேண்டியதில்லை. இல்லாமை கற்பித்த வித்தை இது, அதனை விரும்பி வேண்டுவார் எவருமிலர். ஆனால் ஓர் உண்மை கவனத்துக்குரியது. டைனமோவும் காபரேற்றரும் திறந்து பார்க்கக்கூடியவையாக இருந்தமையாலேயே இது இயன்றது. உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதைப் பட்டறைக்காரர் கண்ணாற் கண்டு, கையால் மாற்ற முடிந்தது. முத்திரையிட்டுப் பூட்டிய பொறிகளாக அவை இருந்திருப்பின் முற்றுகையின் முதல் மாதத்திலேயே நின்றுபோயிருக்கும். பொறியைத் திறக்கும் உரிமை என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதாகப் போதிக்கவேண்டிய தத்துவமன்று.

அவ்வுரிமையின் இழப்பு மென்பொருள் உலகில் நம்மை எங்கே நேரடியாகத் தாக்கிற்று என்று நோக்குமிடத்து, விடை எழுத்தில் வந்து நிற்கின்றது. தமிழெழுத்தின் உற்பத்திச் சாதனங்களோடு யாழ்ப்பாணத்துக்குள்ள உறவு நீண்டது. மிசன் அச்சகத்தின் ஆற்றலை நேரிற் கண்டறிந்த ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார்; பிறர் பொறியில் தம் எழுத்தைத் தங்கவைப்பதன் எல்லையை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். நூற்றுக்கணக்கான எழுத்துகளை நாற்பதுக்கும் சற்று மேற்பட்ட விசைகளில் அடக்குவது அவர்முன் இருந்த சிக்கல். விசிறி, புள்ளி முதலிய குறிகளை அடிக்கும்போது வண்டி நகராதவாறு சில விசைகளை 'நகரா விசை'களாக அமைத்து அதனை அவர் தீர்த்தார். பொறியின் உள்ளமைப்பிற் கைவைத்ததாலேயே அத்தீர்வு பிறந்தது.

கணினி வந்தபோது நிலைமை மாறிற்று. ஆங்கிலத்துக்கென அமைந்த மென்பொருளின் உள்ளமைப்பைத் தொட நமக்கு வழியிருக்கவில்லை. ஆகவே மேற்பூச்சில் ஒரு தந்திரம் செய்தோம்: ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிற் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துரு ஆக்கினோம். ஈழத்திற் பரவலாகப் புழங்கிய பாமினி அத்தகையது. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் அடிப்பவர் திரையிற் 'தமிழ்' என்றே காண்பார். கணினியோ அங்கு ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் மட்டுமே சேமிக்கின்றது. எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. 'கொ' என்பதைக் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அடிக்கவேண்டும். அது ஓர் உயிர்மெய் என்பதைக் கணினி அறியாது. எனவே அகரவரிசைப்படுத்த முடியாது, தேட முடியாது, ஓர் எழுத்துருவில் அடித்ததை வேறோர் எழுத்துருவில் வாசிக்க முடியாது.

இத்தந்திரத்தை இகழ்தல் நேர்மையன்று. அது இல்லாதிருந்தால் தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வெளிவந்த எத்தனையோ சஞ்சிகைகள் வெளிவந்திரா. ஆனால் அதன் விலை தாமதித்தே தெரியவந்தது. கி. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டில் தொடக்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலிற் தனி எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கி என்ற குறிமுறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் என மீண்டும் மீண்டும் பெயர்க்கப்படவேண்டியிருந்தன. அது கவனமான கைகளில் இருந்த திட்டம்; ஆதலாற் பிழைத்தது. நம் அச்சகங்களின் பழைய வட்டுகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி, 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. ஒருங்குறி ஒரு மென்பொருளன்று, நியமம். அதனைச் சாதாரணப் பயனரின் கணினிக்குக் கொண்டுவந்ததில் வணிக நிறுவனங்களுக்கும் பங்குண்டு. விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துரு இடம்பெற்றதை மறத்தலாகாது. இலங்கையிலும் 2008ஆம் ஆண்டில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் வெளியாயிற்று. எனினும் நியமத்தை நடைமுறையாக்கிய கருவிகளை நோக்கினால், கட்டற்ற மென்பொருளின் பங்கு துலக்கமாகின்றது. எடுத்துக்காட்டாக, எழுத்துக் குறிகளைச் சேர்த்துச் சரியான வடிவமாகத் திரையில் வரைந்துதரும் 'ஹாவ்பஸ்' என்னும் நிரற்கூறு திறந்த மூலத்தது. பயர்பொக்ஸ், குரோம், லிப்ரே ஒபிஸ் யாவற்றிலும் அது உண்டு. அன்ட்ரொயிட் கைபேசியிலும் உண்டு. பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கும் பெண் தன் அன்ட்ரொயிட் கைபேசியில் மகனின் தமிழ்ச் செய்தியை வாசிக்கும்போது, லினக்ஸ் கருவின்மீது இயங்கும் கருவியில், கட்டற்ற நிரலொன்று வரைந்த தமிழையே வாசிக்கின்றார். கட்டற்ற மென்பொருள் சாதாரண மக்களைச் சென்றடையவில்லை என்று கூறுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். சென்றடைந்துவிட்டது, ஆனால் அவர்கள் அறியாமலே, அதன் உரிமைகள் பெரும்பாலும் கழற்றப்பட்ட நிலையில், பூட்டிய கைபேசிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது.

உரிமைகளோடு வந்து சேர்ந்த இடங்களும் இல்லாமலில்லை. இரண்டைக் குறிப்பிடலாம். வண்ணார்பண்ணையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். அதன் அடித்தளமான மீடியாவிக்கி கட்டற்ற மென்பொருள். ஆதலாலேயே அதன் இடைமுகத்தின் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்க எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 

மற்றையது நூலகம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையை இவ்விதழின் வாசகருக்கு நினைவூட்டவேண்டியதில்லை. ஓரிடத்தில், ஒரு பிரதியாக இருப்பது எரியும் என்பதே அதன் கொடிய பாடம். தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் முயற்சியால் 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் யாவர்க்கும் திறந்துவைத்தது. தொடக்கத்தில் நூல்களைத் தட்டெழுதி வெளியிட்டனர். பின்னர் பக்கங்களை வருடிப் படிமங்களாக வைக்கும் முறைக்கு மாறினர். நூற்றொகையின் பெருக்கத்துக்கு அம்மாற்றமே வழிசெய்தது. நூலகத்தின் தளமும் மீடியாவிக்கியிலேயே அமைந்தது. பெரிய மூலதனமோ அரச ஆதரவோ இன்றித் தொடங்கிய ஒரு தன்னார்வப் பணி, உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய மென்பொருளை நம்பியிருப்பின் அதன் ஆயுள் என்னவாகியிருக்கும்? அதைவிட முக்கியமானது பிரதி செய்யும் உரிமை. உள்ளடக்கத்தை மட்டுமன்றி அதனைத் தாங்கும் மென்பொருளையும் எவரும் எங்கும் நிறுவிக்கொள்ளலாம். ஒரே தீயில் எரிந்துபோகாமைக்கு வேண்டிய நிபந்தனை இதுதான்.

இலங்கைச் சூழலில் இன்னொரு சான்றும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கு உட்படத் தீவின் கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து நிர்வகிக்க 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருள் இந்நாட்டு நிரலாளர்களால் ஒருசில வாரங்களில் ஆக்கப்பட்டது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கு எடுத்தாளப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இது தமிழருக்குரியது, சிங்களவருக்குரியது என்று பிரித்துப் பார்க்கத் தேவையற்ற ஒரு சாதனை.

அவ்வாறாயின், இத்தனை இருந்தும் யாழ்ப்பாணத்தின் சாதாரணக் கணினி மேசையிற் கட்டற்ற மென்பொருள் ஏன் வேரூன்றவில்லை? மக்களின் அறியாமையைக் காரணமாகக் கூறுவது பரப்புரையாளருக்கு வசதியானது. நாம் அதனை ஏற்பதற்கில்லை. பயனரின் தயக்கத்துக்குப் பொருள்சார்ந்த காரணங்கள் இருந்தன.

இணைய வசதி அவற்றுள் ஒன்று. லினக்ஸ் என்பது இணையத்தோடு பிறந்து வளர்ந்த மென்பொருள். வேண்டிய கூறுகளை வேண்டும்போது தரவிறக்கிக்கொள்ளும் முறைமை அதனது. தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்த இணையத்தோடும், பின்னர் அளந்து விற்கப்பட்ட 'டொங்கிள்' இணைப்போடும் வாழ்ந்த பயனருக்கு, ஒரு பாட்டைக் கேட்கவும் சில கூறுகளைத் தரவிறக்கவேண்டும் என்பது வேடிக்கையான நிபந்தனை. கள்ளப் பிரதியான விண்டோஸோ ஒரே இறுவட்டில் யாவற்றையும் கொண்டுவந்தது. இன்று கண்ணாடியிழை இணைப்புகள் வந்துள்ள இடங்களில் இத்தடை பெரிதும் நீங்கிவிட்டது. அன்று பெற்ற கெட்டபெயர் மட்டும் நீங்கவில்லை.

அச்சுத் தொழிலின் நிலை இதனினும் சிக்கலானது. பக்கம் கோப்போர் பாமினியையும் பேஜ்மேக்கரையும் பிடித்துக்கொண்டிருந்தமையைப் பழமைப்பற்று என்று பலர் குறைகூறியுள்ளனர். உண்மை என்னவெனில், அவர்களுக்குக் காட்டக்கூடிய கட்டற்ற மாற்று நெடுங்காலம் இருக்கவில்லை. பக்க வடிவமைப்புக்கான கட்டற்ற மென்பொருளாகிய ஸ்கிரைபஸ், தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் கோக்கும் திறனை 2017ஆம் ஆண்டளவிலேயே தன் சோதனைப் பதிப்பிற் பெற்றது. அத்திறன் கொண்ட நிலையான பதிப்பு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியாயிற்று. கொம்பு ஓரிடமும் மெய் ஓரிடமுமாகச் சிதறும் மென்பொருளைக் கொடுத்து, கொள்கைக்காக இதனைப் பயன்படுத்துக என்று கல்வெட்டுப் புத்தகம் அடிக்கும் ஒருவரிடம் கூறமுடியுமா? அந்தியேட்டி வீட்டுக்கு நாள் தவறினால் தொழில் போகும். கொள்கைப் பற்றுள்ள நம்மவர் சிலர் இவ்விடத்தில் உழைப்பாளரின் நேரத்துக்கு மதிப்பளிக்கத் தவறினர்.

மூன்றாவது தடை கல்வி. நம் ரியூற்றரிகளின் விளம்பரப் பலகைகளில் 'எம்.எஸ். ஒபிஸ்' என்பது ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளின் பெயராகவன்றி, ஒரு பாடத்தின் பெயராகவே நின்றது. சொல் செயலி என்றால் வேர்ட், அட்டவணை என்றால் எக்செல். தொழில் தருவோர் அதனைக் கேட்கின்றனர் என்ற பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. ஆனால் பத்தி அமைத்தலையும் சூத்திரம் எழுதுதலையும் லிப்ரே ஒபிஸிற் கற்ற பிள்ளை, வேர்ட்டையும் எக்செலையும் கண்டு திகைத்து நிற்பதில்லை. பட்டிகளின் இடத்தை மனனம் செய்த பிள்ளையே அடுத்த பதிப்பு வரும்போது திகைக்கின்றது. இதிற் சுவையான முரண் ஒன்று உண்டு. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நிரலாக்கத்துக்குப் பைதன் மொழியே பயிலப்படுகின்றது. அது கட்டற்றது. ஆக, மேல்வகுப்பு மாணவர் கட்டற்ற மென்பொருளைப் பரீட்சைக்குப் படிக்கின்றார். அதே கணினியில் கட்டுரை எழுதுவதற்குக் கள்ளப் பிரதியைத் திறக்கின்றார்.

பாக்குநீரிணைக்கு அப்பால், கேரள மாநிலம் இவ்விடயத்தில் நமக்குப் படிப்பினை தரவல்லது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து அங்கு அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. கணினியை வழங்கியதோடு அரசு நின்றுவிடவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றி, அவர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கி, பாடநூலை அம்மென்பொருள்களைச் சுற்றி எழுதி, மலையாள எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் இணைத்துத் தமக்கேற்ற இயங்குதளத் தொகுப்பையே ஆக்கினர். 2002ஆம் ஆண்டளவிற் தோன்றிய மலையாளக் கணிமை ஆர்வலர் குழுவின் எழுத்துரு வேலைகள் அதற்குத் துணைநின்றன. மொழியும் ஆசிரியரும் முன்னே சென்றனர். இயங்குதளம் பின்னே வந்தது. நம்மிடையே நடந்த முயற்சிகளிற் பல இவ்வொழுங்கைத் தலைகீழாக்கின. லினக்ஸை நிறுவிக்காட்டும் ஒருநாட் பட்டறைகளால் மறுநாள் ஐயம் எழும்போது கேட்க ஆளில்லாத பயனர்களே மிஞ்சினர்.

ஆகவே எங்கே தொடங்குவது? விசைப்பலகையில் தொடங்கவேண்டும் என்பது நம் துணிபு. பாமினியில் இருபதாண்டு பழகிய விரல்களிடம் புதிய விசையமைப்பைக் கற்குமாறு கேட்பது வீண். 'தமிழா' குழுவினரின் எ-கலப்பை என்னும் கட்டற்ற மென்பொருள் பாமினி விசையமைப்பிலேயே அடித்து ஒருங்குறியில் எழுத வழிசெய்கின்றது. லினக்ஸ் இயங்குதளங்களிலும் தட்டச்சுப் பொறி வழிவந்த ரெங்கநாதன் அமைப்பு கிடைக்கின்றது. விரல் மாறவேண்டியதில்லை, சேமிப்பு மட்டும் மாறினாற் போதும். இச்சிறு மாற்றத்தாற் பயனர் உடனடியாகப் பெறும் நன்மை கண்கூடானது: தான் அடித்ததைத் தேடலாம், கைபேசிக்கு அனுப்பலாம், முகநூலில் ஒட்டலாம். கொள்கை விளக்கம் அதன் பின்னர் தானே காதில் ஏறும்.

அடுத்த படி, விண்டோஸை அகற்றாமலே அதன்மீது பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், வீ.எல்.சி. போன்றவற்றை இருத்துதல். இவை விண்டோஸிலும் இயங்குவன. பயனர் வீடு மாறாமலே அறைகளை மாற்றிக்கொள்ளலாம். இயங்குதள மாற்றம் கடைசியில் வரட்டும். அதற்கும் காலம் கனிந்துள்ளது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. அதற்கடுத்த பதிப்பு வேண்டும் பாதுகாப்புச் சில்லு முதலியவை இல்லாத பழைய கணினிகள் பல, பழுதெதுவும் இன்றியே 'காலாவதி' ஆக்கப்பட்டன. இருபது கணினிகள் உள்ள ஒரு கிராமப் பாடசாலைக்கு இவற்றை எறிந்து புதியவற்றை வாங்க இயலாது. அவற்றில் லினக்ஸை நிறுவி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவைக்கலாம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊருக்கு இதனை நீட்டி விளக்கவேண்டுமா?

இவற்றைச் செய்யவேண்டியவர் யார் என்ற வினாவும் உண்டு. கணினி பொருத்தித் தரும் கடைக்காரரையும் கொமினிகேஷன் நடத்துபவரையும் விட்டுவிட்டுச் செய்யும் எப்பரப்புரையும் பயனற்றது. பயனர் ஐயம் கேட்கச் செல்வது அவரிடமே. பல்கலைக்கழகத்துக் கணினிக் கூடத்தில் நூறுபேருக்கு விரிவுரை நிகழ்த்துவதைவிட, சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ ஒரு கடைக்காரருக்கு லினக்ஸ் நிறுவவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுப்பது பலன்தரும். அவர் அதற்குக் கூலி பெறட்டும். கட்டற்ற மென்பொருளின் உரிமம் அதனைத் தடுப்பதில்லை. சேவைக்குக் கூலி பெறுவதையும் பொருளைப் பூட்டிவைப்பதையும் ஒன்றாகக் கருதும் மயக்கம் நம் முற்போக்கு வட்டாரங்களிலும் காணப்படுவதாற் இதனைச் சொல்லநேர்ந்தது.

உடனடியாகச் செய்யவேண்டிய பணியொன்று எஞ்சியிருக்கின்றது. அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் எழுத்தாளர் வீடுகளிலும் பாமினியில் அடித்த கோப்புகள் பழைய வட்டுகளிற் கிடக்கின்றன. அவற்றுட் பல பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ஆம் ஆண்டில் வந்தது. அதே நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருளும் 2012ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின் அக்கோப்புகளைத் திறப்பதை நிறுத்திக்கொண்டது. கோப்பைத் திறந்து எழுத்தை வெளியே எடுத்துவிட்டால் மிகுதி எளிது. ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற எழுத்துருமாற்றிகள் பாமினியை நொடியில் ஒருங்குறியாக்கித் தரும். திறப்பதற்குத்தான் பேஜ்மேக்கர் நிறுவிய ஒரு பழைய கணினி வேண்டும். அத்தகைய கணினிகள் யாழ் நகரத்து அச்சகங்கள் சிலவற்றின் மூலைகளில் இன்னும் இயங்குநிலையில் இருக்கக்கூடும். தமிழ்ச் சங்க மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் அவற்றைத் தேடிச் சென்று, உரிமையாளரின் இணக்கத்துடன் கோப்புகளைப் பிரதிசெய்து, ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து நூலகத்திடம் கையளிக்கலாம். வேண்டியவை ஒரு வன்தட்டு, எழுத்துருமாற்றி, பிழை கண்டுபிடிக்கத் தெரிந்த இரு கண்கள்.